தப்பான கதவைத் தட்டிய பெட்டிக்ரூ அம்மா

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் நிகழ்த்திய சிறப்புரையின் எழுத்து வடிவம்)



காலையிலிருந்து சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், வசூல், தணிக்கை என்று கேட்டுக் கேட்டு உங்களுக்குக் களைப்பாக இருக்கும். சாப்பாட்டு நேரமும் நெருங்கிவிட்டது. சாம்பார் வாசனை எனக்கே வருது. அதனால் நான் கணக்கு எதுவும் பேசப் போறதில்லை. ஒரு கதை சொல்லப் போறேன். சிரிப்புக் கதை. சிரித்து முடித்த பிறகு இரண்டு விஷயம் கேட்பேன், அதற்கு மட்டும் நீங்கள் பதில் சொல்ல வேண்டும்.

கதை யாரைப் பற்றி என்றால், தனியாக இருக்கிற நடுவயதுப் பெண்ணைப் பற்றி.

நம் குழுக்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குழுவிலும் இரண்டு பேராவது இருப்பார்கள். புருஷன் செத்துப் போனவர், விட்டுட்டுப் போனவர், குடிக்குப் பயந்து தானே வெளியே வந்தவர், தம்பி தங்கைகளைக் கரையேற்றிவிட்டுத் தான் கல்யாணமே பண்ணிக்கொள்ளாமல் நின்றவர். இவர்களைச் சொல்ல நம்ம ஊர்ல எத்தனை வார்த்தை! அறுதலி, வாழாவெட்டி, முதிர்கன்னி. ஆண்பிள்ளைக்கு இப்படி ஒரு வார்த்தை உண்டா என்று யோசித்துப் பாருங்கள். பெண்டாட்டி செத்தவனை ‘பாவம், சமைச்சுப் போட ஆளில்லை’ என்போம். அதோடு சரி.

இங்கிலீஷ்காரனும் லேசுப்பட்டவன் இல்லை. கல்யாணமாகாத பெண்ணை ‘ஸ்பின்ஸ்டர்’ என்று சொல்வான். அந்த வார்த்தைக்கு முதலில் அர்த்தம் என்ன தெரியுமா? நூல் நூற்கிறவள். தொழிலைச் சொன்ன வார்த்தை. தனியாக இருந்த பெண்கள் நிறையப் பேர் நூல் நூற்றுப் பிழைத்தார்கள். பிறகு சட்டப் பத்திரங்களில் கல்யாணமாகாத பெண் என்றாலே ஸ்பின்ஸ்டர் என்று எழுத ஆரம்பித்தார்கள். கடைசியில் அது ஏச்சு வார்த்தையாகிவிட்டது. உழைத்துச் சாப்பிட்டவளுக்குக் கிடைத்த பட்டம் இது.

ஆனால் நம் பழைய தமிழ்ப் புலவர் வேறு மாதிரி பார்த்திருக்கிறார். நற்றிணையில் கபிலர் பாடிய ஒரு பாட்டு இருக்கிறது. உயரமான மலைமேல் மேகம் தவழ்கிறது. அது எப்படி இருக்கிறது என்று சொல்ல வந்தவர், துணையில்லாத பெண்கள் தங்கள் சொந்த முயற்சியால் நூற்ற மெல்லிய நூல் போல இருக்கிறது என்கிறார். தனியாக இருக்கிற பெண்ணின் கைவேலையை மலை உச்சியில் கொண்டுபோய் வைத்திருக்கிறார். ஏசுகிறவர்களுக்கு இனி இந்தப் பாட்டைச் சொல்லுங்கள்.

சரி, கதைக்கு வருவோம்.

1938-ல் இங்கிலாந்தில் வந்த நாவல் இது. எழுதியவர் வினிஃப்ரெட் வாட்சன் என்கிற அம்மா. நாவலின் பெயர் ‘மிஸ் பெட்டிக்ரூ லிவ்ஸ் ஃபார் எ டே’. பெட்டிக்ரூ அம்மா ஒரே ஒரு நாள் வாழ்ந்தாள் என்று நம் பாஷையில் சொல்லலாம். முழுக்கதையும் ஒரே நாளில் நடக்கிறது. காலையில் ஆரம்பித்து மறுநாள் விடிவதற்குள் முடிகிறது. அத்தியாயத்துக்குத் தலைப்பாகக் கடிகார நேரத்தையே போட்டிருக்கிறார்கள்.

பெட்டிக்ரூ ஒரு பாதிரியார் மகள். அப்பா அம்மா இல்லை, கூடப்பிறந்தவர் துணை இல்லை, கல்யாணமும் இல்லை. பணக்கார வீடுகளில் தங்கிக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு பாடம் சொல்லிக் கொடுப்பது அவர் தொழில். உண்மையைச் சொல்லப்போனால் அந்தத் தொழிலில் அவர் கெட்டிக்காரர் இல்லை. பிள்ளைகளைக் கண்டால் அவருக்கே பயம். பிள்ளைகளின் அம்மாக்களைக் கண்டால் இன்னும் பயம். ஒவ்வொரு வீடாக வேலை போய்க்கொண்டே இருக்கிறது. வயது ஏற ஏறக் கிடைக்கிற வீடும் மோசமாகிறது. கதை தொடங்குகிற அன்று காலையில் கையில் காசில்லை, காலை ஆகாரம் இல்லை, தங்கியிருக்கிற அறைக்கு வாடகை பாக்கி. இந்த வேலையும் கிடைக்காவிட்டால் ஏழைகள் விடுதிக்குத்தான் போக வேண்டும்.

வேலைவாய்ப்பு ஏஜென்சியில் ஒரு விலாசம் கொடுக்கிறார்கள். போய்க் கதவைத் தட்டுகிறார். ‘குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டீர்களாமே’ என்று சொல்ல வாயெடுப்பதற்குள், கதவைத் திறந்த பெண் இவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிடுகிறாள்.

அது தப்பான விலாசம். அந்த வீட்டில் குழந்தையே கிடையாது. அங்கே இருப்பவள் டெலீசியா லஃபாஸ் என்கிற பாட்டுக்காரி. இரவு விடுதியில் பாடுகிறவள். அழகோ அழகு. காலை நேரத்தில் பட்டு உடுப்போடு நிற்கிறாள். உள் அறையில் ஒரு ஆண் தூங்குகிறான். அவன் பெயர் ஃபில். இன்னும் சற்று நேரத்தில் இன்னொருத்தன் வரப்போகிறான். அவன் நிக். வீட்டு வாடகை கட்டுபவன் அவன்தான். இரண்டு பேரும் சந்தித்தால் கொலை விழும். இது போதாதென்று மூன்றாவதாக மைக்கேல் என்று ஒருவன். இவளை உண்மையாகக் கட்டிக்கொள்ள நினைக்கிறவன் அவன் மட்டும்தான்.

வாயில் கை வைக்காதீங்க அக்கா! கதைதானே. பெட்டிக்ரூ அம்மாவும் உங்களை மாதிரிதான் முதலில் வாயில் கை வைத்தார். பாதிரியார் மகள் இல்லையா? ஆனால் அந்தப் பெண் கண்ணில் தண்ணீரோடு, ‘இப்ப நான் என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்க’ என்று கேட்கிறாள். நாற்பதை ஒட்டிய தன் வாழ்க்கையில் பெட்டிக்ரூவைப் பார்த்து யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. ‘இதைச் செய், அதைச் செய்’ என்று சொன்னவர்கள்தான் உண்டு. ‘என்ன செய்யட்டும்’ என்று கேட்டவர் யாரும் இல்லை.

அந்த இடத்தில்தான் கதை சூடு பிடிக்கிறது. பெட்டிக்ரூ அடுப்படிக்குப் போகிறார். ஃபில்லுக்குச் சாப்பாடு செய்து போட்டு, இனிமையாகப் பேசி, அவன் தானாகவே கிளம்புகிற மாதிரி செய்து வாசல் தாண்ட வைக்கிறார். அடுத்தது நிக். அவன் புலி. அவனைக் கண்டால் டெலீசியா நடுங்குகிறாள். அந்த வீட்டில் வேறொரு ஆண் பிடித்த சுருட்டின் அடையாளம் அவன் கண்ணில் படுகிறது. போச்சு, மாட்டிக்கொண்டாள் என்று நாம் நினைக்கும்போது, பெட்டிக்ரூ அம்மா நிமிர்ந்து நின்று, ‘அது என்னுடையது’ என்கிறார்! சுருட்டு பிடிக்கிறவள் நான்தான் என்கிறார். வாழ்நாளில் புகையை முகர்ந்துகூடப் பார்க்காத பொம்பளை!

இத்தனை தைரியம் எங்கிருந்து வந்தது? முன்னால் வேலை பார்த்த வீடுகளில் எஜமானிகள் எப்படி அதட்டுவார்கள் என்று பல வருஷம் கேட்டிருக்கிறார் இல்லையா? அந்தக் குரலை அப்படியே எடுத்து விடுகிறார். வாங்கின ஏச்சு எல்லாம் அன்றைக்கு உதவிக்கு வந்தது.

அதற்குப் பிறகு அந்த நாள் நிற்காமல் ஓடுகிறது. ‘அம்மா, நான் குழந்தை பார்க்கும் வேலைக்கு வந்தவள், ஏதோ தப்பு நடந்துவிட்டது’ என்று சொல்லிவிட பெட்டிக்ரூ வாயைத் திறக்கும்போதெல்லாம் வாசலில் யாராவது கதவைத் தட்டுகிறார்கள். புதுசாக ஒரு குழப்பம் வருகிறது. டெலீசியாவின் சிநேகிதி ஒருத்தி, அழகு நிலையம் நடத்துகிறவள், தன் ஆளோடு சண்டை போட்டுக்கொண்டு வருகிறாள். அந்தச் சண்டையையும் பெட்டிக்ரூ தீர்த்து வைக்கிறார். நன்றிக்காக அந்தச் சிநேகிதி இவரை நாற்காலியில் உட்கார வைத்து முகத்துக்கு அலங்காரம் செய்து விடுகிறாள். டெலீசியா தன் கறுப்பு வெல்வெட் உடுப்பைக் கொடுக்கிறாள். கண்ணாடியில் பார்த்தால் பெட்டிக்ரூவுக்கே அடையாளம் தெரியவில்லை.

ராத்திரி எல்லோரும் இரவு விடுதிக்குப் போகிறார்கள். அங்கே ஜோ என்று ஒரு வியாபாரி. வயது கொஞ்சம் போனவர். பெண்கள் இடுப்பை இறுக்கிக் கட்டுகிற கச்சு தயாரிப்பதுதான் அவர் தொழில். சிரிக்காதீங்க, நல்ல லாபமான தொழில்! சின்ன வயசுப் பெண்களோடு சுற்றிச் சுற்றி அலுத்துப்போன மனிதர், தன் வயதுக்காரியான பெட்டிக்ரூவோடு உட்கார்ந்து பேசுவதில் நிம்மதி காண்கிறார். டெலீசியாவும் கடைசியில் மைக்கேலைக் கட்டிக்கொள்ள சம்மதிக்கிறாள். எல்லாம் முடிந்த பிறகு, விடிகாலை நேரத்தில், பெட்டிக்ரூ உண்மையைச் சொல்லிவிடுகிறார். ‘நான் தப்பாக வந்தவள்’ என்று. டெலீசியா என்ன செய்தாள்? எங்கள் புது வீட்டைப் பார்த்துக்கொள்ள நீங்களே வந்துவிடுங்கள் என்று வேலை கொடுக்கிறாள். கதை சுபம்.

இப்போது இந்தக் கதையைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். நெல்லை முறத்தில் போட்டுப் புடைக்கிற மாதிரி.

முதல் விஷயம். காலையில் கதவைத் தட்டிய பெட்டிக்ரூவும், விடிகாலையில் சிரித்த முகத்தோடு நிற்கிற பெட்டிக்ரூவும் ஒரே ஆள்தான். நடுவில் அவர் புதுசாக எந்தப் பயிற்சிக்கும் போகவில்லை, எந்தச் சான்றிதழும் வாங்கவில்லை. சமைப்பது, சண்டை தீர்ப்பது, யார் எப்படிப்பட்டவர் என்று பார்த்தவுடன் எடை போடுவது, பதற்றத்தில் பதறாமல் இருப்பது. இதெல்லாம் இருபது வருஷமாக அவரிடம் இருந்ததுதான். அவரை வேலைக்கு வைத்தவர்கள் அவரிடம் எதைக் கேட்டார்கள்? எது வராதோ அதைக் கேட்டார்கள், வரவில்லை என்று திட்டினார்கள். எது வருமோ அதை அந்த ஒரு நாள்தான் ஒருத்தி கேட்டாள்.

இரண்டாவது விஷயம். அவரைத் தூக்கிவிட்டது யார்? ஜோ கடைசியில்தான் வருகிறார். அதற்குள் பெட்டிக்ரூ எழுந்து நின்றாகிவிட்டது. தூக்கிவிட்டவர்கள் இரண்டு பெண்கள். அவர்களும் பெரிய உத்தமிகள் இல்லை. அவரவர் பிரச்சினை அவரவர் தலைக்கு மேல். ஆனால் ‘நீ யார், உன் புருஷன் யார், ஏன் இன்னும் கல்யாணம் ஆகலை’ என்று ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே விட்டார்கள். தங்கள் துணியைக் கொடுத்தார்கள். கூட உட்கார வைத்தார்கள்.

இந்த நாவலில் எல்லாமே நல்லது என்று சொல்ல மாட்டேன். வேற்று இனத்தவர்களை, முக்கியமாக யூதர்களை, மட்டமாகப் பேசுகிற சில வரிகள் அதில் இருக்கின்றன. அந்தக் காலத்து இங்கிலாந்தின் கசடு அது. அரிசியில் கல் கிடந்தால் பொறுக்கிப் போட்டுவிட்டுத்தானே சமைக்கிறோம், ஆனால் கல் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எழுதின அம்மாவைப் பற்றியும் இரண்டு வார்த்தை. வினிஃப்ரெட் வாட்சன் 1906-ல் பிறந்தவர். வாழ்ந்தது நியூகாசில் பக்கம். அப்பா செருப்பு வியாபாரி. வியாபாரம் நொடித்ததால் இவர் மேல்படிப்பு நின்றுபோனது. ஆபீசில் டைப் அடிக்கிற வேலைக்குப் போனார். வேலை குறைவாக இருந்த நேரத்தில் அங்கேயே முதல் நாவலை எழுதினார். இரவு விடுதி பற்றி இவ்வளவு எழுதியவர் இரவு விடுதிக்குப் போனதே கிடையாதாம். நம்ம பெட்டிக்ரூ சுருட்டு பிடித்த மாதிரிதான்! கிராமத்துக் கதைகளாக எழுதிக்கொண்டிருந்தவர் திடீரென்று சிரிப்புக் கதையைக் கொண்டுபோனபோது பதிப்பாளர் முதலில் தயங்கினார். பிறகு போட்டார், நன்றாக விற்றது. மொத்தம் ஆறு நாவல். இரண்டாம் உலகப் போர், குண்டுவீச்சு, வீடு, கைக்குழந்தை என்று வாழ்க்கை போன பிறகு எழுதுவதை விட்டுவிட்டார். புத்தகமும் மறந்து போனது.

2000-ல் பெர்செஃபனி புக்ஸ் என்கிற சின்னப் பதிப்பகம் அதைத் திரும்ப அச்சிட்டது. மறந்துபோன பெண் எழுத்தாளர்களைத் தேடி அச்சிடுவது அவர்கள் வேலை. நடத்துவதும் பெண்கள்தான். அப்போது வாட்சன் அம்மா தொண்ணூறு வயதைத் தாண்டி உயிரோடு இருந்தார். தன் புத்தகம் மறுபடியும் கடைக்கு வந்து விற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் 2002-ல் கண்ணை மூடினார். 2008-ல் அது சினிமாவாகவும் வந்தது. இயக்கியவர் பரத் நல்லூரி, நம் பக்கத்து மாநிலத்தில் குண்டூரில் பிறந்து, அந்த அம்மா வாழ்ந்த அதே நியூகாசிலில் வளர்ந்தவர். தொண்ணூறு வயதில் ஒரு புது ஆரம்பம் என்றால், நாற்பத்தைந்து வயதில் ‘இனிமே எனக்கென்ன’ என்று சொல்பவர்களை நான் விடப் போறதில்லை.

இனிமேல் நான் சொல்லப் போவதுதான் முக்கியம். நாவலில் பெட்டிக்ரூவுக்குக் கிடைத்தது அதிர்ஷ்டம். தப்பான விலாசம் கொடுத்தார்கள், தப்பான கதவு திறந்தது. நிஜத்தில் அப்படி நடக்குமா? கதவு திறக்காமலே போயிருந்தால்? அந்தக் காலத்து இங்கிலாந்தில் திறக்காத கதவுக்கு முன்னால் நின்ற பெண்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள்.

முதல் உலகப் போரில் அவ்வளவு இளைஞர்கள் செத்துப் போனார்கள். 1921-ல் மக்கள்தொகை கணக்கு எடுத்தபோது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்களைவிடப் பெண்கள் சுமார் 17 லட்சம் பேர் அதிகம். பத்திரிகைகள் அவர்களுக்கு வைத்த பெயர் ‘உபரிப் பெண்கள்’. உபரி! கிடங்கில் மிச்சமான மூட்டை மாதிரி. பல ஊர்களில் பெண் டீச்சருக்குக் கல்யாணமானால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள். கல்யாணம் ஆனால் வேலை போச்சு, ஆகாவிட்டால் மரியாதை போச்சு. 1925 சட்டத்தில் விதவைகளுக்கு ஓய்வூதியம் வந்தது. நல்ல காரியம்தான். ஆனால் கல்யாணமாகாமல் ஆலையிலும் கடையிலும் உழைத்து, சம்பளத்தில் வாராவாரம் பிடித்தம் கொடுத்த பெண், 65 வயது வரை காத்திருக்க வேண்டும். ஐம்பதைத் தாண்டியவளுக்கு ஆலையில் வேலை கொடுக்க மாட்டார்கள். 65 வரை எதைச் சாப்பிடுவாள்? வீட்டு வேலை செய்பவர்களுக்கோ வேலையில்லாக் காலத்துக்கான அரசுக் காப்பீட்டில் இடமே கிடையாது.

அப்போது பிராட்ஃபோர்டு என்கிற துணி ஆலை நகரத்தில் ஃப்ளாரன்ஸ் வைட் என்று ஒரு பெண் கிளம்பினார். சின்ன வயதில் ஆலை வேலைக்குப் போனவர். கல்யாணம் பேசி வைத்திருந்தவர் போர்க் காலத்தில் இறந்துவிட்டார். பிறகு தங்கையோடு சேர்ந்து கேக், பலகாரக் கடை நடத்தினார். 1935-ல் ஊரில் இருந்த தனிப் பெண்களைக் கூட்டி ஒரு சங்கம் ஆரம்பித்தார். அதற்குப் பெயர் என்ன வைத்தார் தெரியுமா? ஏச்சு வார்த்தையையே எடுத்து முன்னால் வைத்தார். ‘தேசிய ஸ்பின்ஸ்டர்கள் ஓய்வூதியச் சங்கம்’. ஆமாம், நாங்கள் ஸ்பின்ஸ்டர்கள்தான், இப்ப என்ன என்கிற மாதிரி. 55 வயதில் எங்களுக்கு ஓய்வூதியம் வேண்டும் என்பது கோரிக்கை. ஊர் ஊராகக் கிளை வைத்தார்கள். லட்சக்கணக்கில் கையெழுத்து வாங்கி நாடாளுமன்றத்துக்கு மனு கொடுத்தார்கள். 1938-ல் அரசு அதைப் பற்றி விசாரிக்கக் குழு அமைத்தது. நம் நாவல் வெளிவந்ததும் அதே 1938-தான். 1940-ல் சட்டம் வந்தது. பெண்களின் ஓய்வூதிய வயது 65-லிருந்து 60 ஆனது.

கேட்டது 55, கிடைத்தது 60. முழு வெற்றி இல்லை. ஆனால் அந்த ஐந்து வருஷத்துப் பணம் எத்தனையோ பெட்டிக்ரூக்களை ஏழைகள் விடுதிக்குப் போகாமல் காப்பாற்றியது. அதற்கு அதிர்ஷ்டம் காரணம் இல்லை, தப்பான விலாசமும் காரணம் இல்லை. தெருத் தெருவாகப் போய்க் கையெழுத்து வாங்கிய பெண்கள் காரணம். நாவலில் ஒரு கதவு திறந்தது. பிராட்ஃபோர்டில் பெண்களே சேர்ந்து ஒரு கதவைக் கட்டினார்கள்.

நாமும் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் சுய உதவிக் குழுக்கள் தொடங்கியபோது, பன்னிரண்டிலிருந்து இருபது பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து சிறுவாட்டுக் காசைச் சேர்ப்பதுதான் ஆரம்பம். சொத்து இல்லாதவளுக்கு ஜாமீன் யார்? குழு. புருஷன் கையெழுத்து இல்லாதவளுக்கு ஜாமீன் யார்? அதே குழுதான். குழுவின் அடிப்படையே அதுதான்.

அப்படியிருக்க, நான் கேட்கப் போகிற இரண்டு கேள்வியில் முதல் கேள்வி இது. தனியாக இருக்கும் பெண் பெரிய கடன் கேட்டால், ‘இவளுக்கு யார் இருக்கா, எப்படிக் கட்டுவா’ என்று நம் குழுக்களில் ஒரு முணுமுணுப்பு வருகிறதா, இல்லையா? வருகிறது. உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அடுத்த முறை அந்த முணுமுணுப்பு வரும்போது தீர்மானப் புத்தகத்தைப் பாருங்கள், அவள் சேமிப்பைப் பாருங்கள், முந்தின கடனை எப்படிக் கட்டினாள் என்று பாருங்கள். கழுத்தைப் பார்க்காதீர்கள். கடன் கொடுக்கக் கூடாது என்று தோன்றினால் அதற்குக் காரணம் கணக்குப் புத்தகத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி. உங்கள் குழுவில் தனியாக இருக்கும் அந்த இரண்டு பேரிடம், ‘உனக்கு என்ன நல்லா வரும்?’ என்று எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? எல்லோருக்கும் தையல் பயிற்சி, எல்லோருக்கும் ஊறுகாய்ப் பயிற்சி என்று போட்டுவிட்டு, ‘இவளுக்கு வரலை’ என்று சொல்லிவிடுகிறோம். ஒருத்தி நூறு பேருக்குப் பொங்கல் வைப்பாள். ஒருத்தி தாலுகா ஆபீசுக்குப் போனால் காரியத்தை முடிக்காமல் திரும்ப மாட்டாள். ஒருத்தி ஆட்டுக்கு என்ன நோய் என்று பார்த்தவுடன் சொல்வாள். இதெல்லாம் தொழில். கேட்டால்தான் வெளியே வரும். டெலீசியா கேட்ட மாதிரி கேட்க வேண்டும். ‘இப்ப நான் என்ன செய்யட்டும், நீ சொல்லு’ என்று.

இன்னும் சில காரியங்கள் நாளைக்கே செய்யலாம். 50 வயது கடந்த, கல்யாணமாகாத ஏழைப் பெண்களுக்கு அரசு ஓய்வூதியம் இருக்கிறது. கைம்பெண்களுக்கும், கணவனால் கைவிடப்பட்டவர்களுக்கும் தனித்தனித் திட்டம் இருக்கிறது. 2022-ல் கைம்பெண்கள், ஆதரவற்ற பெண்கள் நல வாரியம் என்று ஒன்றும் அமைத்திருக்கிறார்கள். மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தில் தனித்து வாழும் பெண்ணையும் குடும்பத் தலைவியாகவே எடுத்துக்கொண்டார்கள். ஒத்தை ஆளாக இருந்தாலும் அது ஒரு குடும்பம்தான் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்ட பிறகு நாம் ஏன் தயங்க வேண்டும்? ஆனால் இந்த விண்ணப்பங்களைத் தனியாக இருப்பவள் தனியாகவே எடுத்துக்கொண்டு அலைகிறாள். ஒரு கையெழுத்துக்கு நான்கு நடை. அடுத்த மாதக் கூட்டத்தில் ஒரு பட்டியல் எடுங்கள். யாருக்கு ரேஷன் கார்டு இன்னும் அண்ணன் வீட்டுக் கார்டிலேயே கிடக்கிறது, யாருக்கு வங்கிக் கணக்கில் வாரிசு நியமனம் பழைய பெயரிலேயே இருக்கிறது, யாருக்கு எந்த ஓய்வூதியம் சேர வேண்டும். பிறகு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அவளோடு குழுவில் இருந்து இரண்டு பேர் கூடப் போங்கள். கூட ஆள் வந்தால் பேசுகிற பேச்சு மாறும், உங்களுக்குத் தெரியாததா?

அப்புறம் ஒன்று. இதற்குப் பணம் வேண்டாம், விண்ணப்பம் வேண்டாம். இன்று காலை இங்கே குத்துவிளக்கு ஏற்றினோம். அடுத்த ஆண்டு விழாவில் அந்த விளக்கின் முதல் திரியை நம் கூட்டமைப்பில் தனியாக நின்று பிள்ளைகளை வளர்த்த ஒரு கைம்பெண் அக்கா ஏற்றட்டும். பக்கத்தில் கல்யாணமாகாத ஒரு அக்கா நிற்கட்டும். யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும். நாங்கள் எல்லோரும் ஸ்பின்ஸ்டர்கள்தான் என்று பலகையில் எழுதி மாட்டிக்கொண்டு போனவர்கள் முகச்சுளிப்பைப் பார்த்து வீட்டுக்குத் திரும்பவில்லை.

மறுபடி கல்யாணம் செய்துகொள்ள நினைக்கிறவர்கள் தாராளமாகச் செய்துகொள்ளட்டும். நாற்பத்தைந்து வயதில் ஒருத்தருக்கு ஒரு ஜோ கிடைத்தால், அவர் கச்சு தயாரித்தாலும் சரி, கருப்பட்டி காய்ச்சினாலும் சரி, நாம் போய் அட்சதை போட்டுவிட்டு வருவோம். வேண்டாம் என்கிறவர்களை ‘ஏன் வேண்டாம்’ என்று குடையாமல் இருப்போம். இரண்டும் அவர்கள் முடிவு. ஆனால் துணை வந்தாலும் வராவிட்டாலும், அவர்கள் பெயரில் சேமிப்பு இருக்க வேண்டும், அவர்கள் பெயரில் கூரை இருக்க வேண்டும், காய்ச்சல் வந்தால் கஞ்சி கொண்டு வர நாலு பேர் இருக்க வேண்டும். அதற்குத்தான் குழு.

இன்றைக்கும் நம் ஊராட்சியில் ஏதோ ஒரு தெருவில் ஒரு பெட்டிக்ரூ கையில் காசில்லாமல், எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருப்பாள். அவளுக்கு ஏஜென்சிக்காரன் தப்பான விலாசம் கொடுக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். சரியான விலாசத்தை நீங்களே போய்ச் சொல்லுங்கள். குழுக் கூட்டம் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, யார் வீட்டுத் திண்ணையில் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

 இனி சாம்பார் ஆறுவதற்குள் சாப்பிடப் போகலாம்.